நார்வே தெருக்களில் ஒரு சிவப்பு வீடு

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் நாங்கள் குடியிருக்கும் பகுதியின் தெருக்களுக்கெல்லாம் நார்வே நாட்டு ஊர்களின் பெயர்கள். ஓஸ்லோ தெருவில் திரும்பி, டிராம்சோ தெருவைத் தாண்டினால் பெர்கன் தெரு. அதில் நான்காவது வீடு என் மகனுடையது. இங்கே பனி பெய்வதில்லை. கடல் கண்ணுக்குத் தெரியாது. நிலத்தை மனை பிரித்தவர் கையில் ஓர் அட்லஸ் இருந்திருக்கிறது, அது நார்வே பக்கத்தில் திறந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. முப்பத்தாறு வருடம் தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் இருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சியாக இல்லை. ஏரியே இல்லாத ஏரிக்கரைத் தெருக்களுக்கு நானே பட்டா கொடுத்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் இணையதளத்தில் ‘நமது வரலாறு’ என்று ஒரு பக்கம் உண்டு. நான்கு வரி. மனை பிரித்தவரில் தொடங்கி, பள்ளிக்கூடங்களின் தரவரிசையில் முடிகிறது. அதற்கு முன்னால் இங்கே ஆப்ரிகாட் தோப்புகளும் காலிஃபிளவர் வயல்களும் இருந்ததை நகர நூலகத்தில் போய்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கும் முன்னால் பாதிரிமார்களின் மாட்டு மந்தைகள். அதற்கும் முன்னால், யாரிடமும் பட்டா கேட்காமல் பல தலைமுறை வாழ்ந்த ஓலோனிப் பழங்குடி மக்கள். நான்கு வரிக்குள் இவ்வளவு பேரை அடைக்க முடியாதுதான். வீடு கட்டிய காலத்தில் குடிவந்தவர்கள் கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் பள்ளி ஆசிரியர்களும். அவர்கள் விற்றுவிட்டுப் போக, காரில் உட்கார்ந்தபடியே மீட்டிங் பேசுகிற நாங்கள் வந்தோம்.

இன்றைய பெர்கன் தெருவில் மாலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தால் போதும். சேலைக்குக் கீழே ஓட்ட ஷூ போட்ட சம்பந்தியம்மாக்கள் வலமாகவும், மப்ளர் கட்டிய ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்கள் இடமாகவும் நடப்பார்கள். எழுபது டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலிலும் மப்ளர் கழலாது. வாசல்களில் செருப்புக் குவியல். பிள்ளைகளைக் கணக்கு வகுப்பிலிருந்து பரதநாட்டியத்துக்குக் கடத்திச்செல்லும் வண்டிகள். வீட்டுக்கு இரண்டு கராஜ். அவற்றில் பாதிக்கு மேல் கார் கிடையாது, பெற்றோர் இருக்கிறார்கள். கராஜில் வண்டி மட்டுமே நிறுத்தவேண்டும் என்று சங்க விதி சொல்கிறது. அதனால் வெளியே கராஜ் கதவு அப்படியே இருக்கும், உள்ளே சுவரெழுப்பி, கட்டில் போட்டு, குளியலறை வைத்து, சுவரில் பிள்ளையார் மாட்டியிருப்பார்கள். ஊரே அறிந்த இரகசியம். நானும் அப்படியொரு கராஜில்தான் குடியிருந்தேன். மாடிப்படி ஏறவேண்டாம் என்பதால் முழங்காலுக்கு உகந்த அறை.

சங்க விதிகள் எண்பத்துநான்கு பக்கம். இந்தப் பகுதியில் அதை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன், எழுதிய வக்கீலையும் சேர்த்து. வெளிச்சுவருக்கு மூன்று வண்ணங்களுக்கு அனுமதி உண்டு: பாலை மணல், காலை மூடுபனி, பாதாம் தோல். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஓட்ஸ் கஞ்சி.

எங்கள் எதிர்வீடு மட்டும் சிவப்பு. காவிக்கல்லை அரைத்துப் பூசியதுபோன்ற கருஞ்சிவப்பு, குறுக்கே பலகை பலகையாக அடித்த மரச்சுவர், ஜன்னல் விளிம்புகளில் வெள்ளை. அதில் எண்பத்துமூன்று வயது அம்மாள் தனியாக இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தபாலில் வந்த கடிதத்தோடு எங்கள் வாசலில் நின்றார்.

“உங்களுக்கு விதிகள் பிடிக்கும் என்று தெரியும்,” என்றார் ஆங்கிலத்தில். “எனக்கு ஒன்று வந்திருக்கிறது.”

அவருடைய குப்பைத் தொட்டி குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே தெருவுக்கு வந்துவிட்டதை முன்பொருமுறை நான்தான் அவரிடம் சுட்டிக்காட்டியிருந்தேன். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கடிதத்தில் விஷயம் சுருக்கம். வீடு அனுமதிக்கப்படாத நிறத்தில் உள்ளது. முப்பது நாளில் மூன்று வண்ணங்களில் ஒன்றுக்கு மாற்றவும். ஆட்சேபம் இருந்தால் மாதக் கூட்டத்தில் தெரிவிக்கவும்.

அவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே கதை கேட்டேன். இந்தத் தெருப் பெயர்களை நம்பி வீடு வாங்கிய ஒரே மனிதர் அவர் கணவர். அசல் பெர்கன் நகரத்தில், மலைச்சரிவில் மரவீடுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு பகுதியில் பிறந்தவர். மாலுமிகளும் மீன் பதப்படுத்துகிறவர்களும் இருந்த இடம். சிவப்புச் சாயம்தான் அங்கே மலிவு. காவி மண்ணில் மீன் எண்ணெயைக் குழைத்தால் ஆயிற்று. பணக்காரர்கள் வெள்ளை அடிப்பார்கள், அதுவும் தெருப்பக்கம் மட்டும். இப்போது அந்த மீன்காரர்களின் வீடுகளில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களும் டாக்டர்களும் இருக்கிறார்களாம். சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்கள் சந்துகளில் நின்று படமெடுக்கிறார்களாம். அங்கே அந்தச் சிவப்பை மாற்றவேண்டுமானால் புராதனக் கட்டடங்களின் அலுவலகத்தில் அனுமதி வாங்கவேண்டும்.

“அங்கே மாற்றக்கூடாது, இங்கே வைத்திருக்கக்கூடாது,” என்றார். “இரண்டு பெர்கனுக்கும் ஒரே அதிகாரி வேண்டும்போல.”

கணவர் தன் கையால் பூசிய சுவர். அது போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு வேலையில்லை, மினசோட்டாவில் தங்கையோடு போய் இருந்துவிடுவேன் என்று, காப்பிக் கோப்பையைக் கழுவியபடி, சாதாரணமாகச் சொன்னார்.

எழுபத்தோராம் பக்கத்தில், யாரும் போகாத ஒரு மூலையில், வழி இருந்தது. விதிகள் பதிவாவதற்கு முன்பே இருந்த நிறம் தொடரலாம். அவரிடம் ஒரு புகைப்படம் இருந்தது. ஏணிமேல் கணவர், கையில் தூரிகை, பின்னால் சிவப்பு. படத்தின் முதுகில் ஸ்டுடியோக்காரர் குத்திய தேதி, சங்கம் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தையது.

மனு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி மின்னஞ்சல் போதும் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் மனு என்றால் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று ஒழுங்காகத் தொடங்கவேண்டும். அனுப்புநர் என்றால் பெயர், தகப்பனார் பெயர், வயது, முழு முகவரி. முழு முகவரி என்றால் முழு முகவரி. கதவு எண்ணுக்குக் கீழே, ‘தரைத்தளத் தனியறை, முன்னாள் கராஜ்’ என்று தெளிவாக எழுதினேன். முகவரி குறைபாடுடைய மனுக்களைத் திருப்பி அனுப்பியே கையெழுத்து தேய்ந்தவன் நான். கடைசியில் ‘நகல்’ என்று போட்டு, நிர்வாகிகள் ஐவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். பதிவுத் தபாலில்.

மூன்றாம் நாள் சங்கத் தலைவர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், என் மகனோடு ஒரே கம்பெனியில் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

“அங்கிள், லெட்டர் சூப்பருங்க. எங்க லாயர்கூட இப்பிடி எழுதமாட்டாருங்க.”

“நன்றி.”

“அட்ரஸ்தானுங்க கொஞ்சம் ஓவர் டீடெய்லா போச்சு.”

என் மகன் மனுவை வாங்கிப் பார்த்தான். முகம் காலை மூடுபனி நிறத்துக்கு வந்தது.

“அப்பா! முன்னாள் கராஜ்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க?”

“உண்மைதானேடா?”

“உண்மையா இருக்கறதுதான்பா பிராப்ளம்!”

தலைவர் அவனைச் சமாதானப்படுத்தினார். “நீங்க டென்ஷன் ஆகாதீங்க. எங்க மாமியாரும் கராஜ்லதானுங்க இருக்காங்க. ஆனா ரெக்கார்டுல வந்துட்டா நான் ஆக்‌ஷன் எடுத்தே ஆகணும். அங்கிள் மனுவ வித்ட்ரா பண்ணிட்டாருன்னா, நாங்க அஞ்சு பேரும் அத படிக்கவே இல்லைங்க.”

“எதிர்வீட்டம்மா?”

“அவங்களுக்கு நல்ல பெயின்டர் நானே அரேஞ்ச் பண்றனுங்க. ரீசேல் வேல்யூன்னு ஒண்ணு இருக்குதுங்களே அங்கிள். அந்தச் செவப்பப் பாத்தா வீடு வாங்க வர்றவங்க பயந்துக்கறாங்க.”

அவர் போனபிறகு வீட்டில் விசாரணை நடந்தது. மகன் நிலைமையை விளக்கினான். நோட்டீஸ் வந்தால் சுவரை இடிக்கவேண்டும், குளியலறையை எடுக்கவேண்டும், நான் மாடிக்குப் போகவேண்டும். “உங்க முட்டிக்காகத்தாம்பா அத கட்டினேன். வித்ட்ரா பண்ணிடுங்க, ப்ளீஸ்.” மருமகள் மட்டும் சாம்பாரைக் கிளறிக்கொண்டே, “மாமா, நீங்க வாபஸ் வாங்கிட்டா அந்தப் பாட்டிக்கு யாரு பேசுவா?” என்றாள். மகன் அவளை முறைத்தான். அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

நான் பணியிலிருந்த காலத்தில் எத்தனையோ பேர் மனுவை வாபஸ் வாங்கியிருக்கிறார்கள். ‘மனுதாரர் வலியுறுத்த விரும்பவில்லை’ என்று நானே குறிப்பெழுதிக் கோப்பை முடித்திருக்கிறேன். ஏன் விரும்பவில்லை என்று ஒருவரையும் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி விதியில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது, வாபஸ் வாங்கப்போவதில்லை என்று மகனிடம் சொன்னேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “தெரியும்பா,” என்றான். பிறகு, “மாடியில ஹேண்ட்ரெயில் போடணும்,” என்றான்.

மாதக் கூட்டம் சங்கக் கட்டடத்தில், சமோசாவுடன் நடந்தது. அம்மாள் முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் எழுபத்தோராம் பக்கத்தை வாசித்தேன். புகைப்படம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஓர் உறுப்பினர், இந்தத் தேதி அசல்தானா என்று கேட்டார். இன்னொருவர், சிவப்பு வாஸ்துப்படி சரிதான், ஆனால் தென்கிழக்கில் இருக்கவேண்டும் என்று கருத்துச் சொன்னார். அரைமணி நேரத்துக்குப்பின் மூன்றுக்கு இரண்டு என்று தீர்மானமானது. இருக்கும் நிறம் இருக்கலாம். ஆனால் மறுபடி வண்ணம் பூசினால் மூன்றில் ஒன்றைத்தான் பூசவேண்டும்.

அடுத்த விஷயம் எங்கள் கராஜ். அதற்கு இரண்டு நிமிடமே ஆனது. ஐந்துக்குச் சுழியம், அறையை இடிக்கவேண்டும். கையைத் தூக்கியவர்களில் மூவருடைய பெற்றோரை எனக்குத் தெரியும். காலையில் எந்தக் கராஜிலிருந்து நடக்கக் கிளம்புகிறார்கள் என்பதும் தெரியும். எழுந்து சொல்லியிருக்கலாம். அந்த முதியவர்களின் முழங்கால்களை நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது நான் மாடியில் இருக்கிறேன், பேத்தியின் படிப்பறையில். மேஜை மட்டும் அவளுடையது என்றும், நான் வீடியோ காலில் கத்திப் பேசக்கூடாது என்றும் ஆங்கிலத்தில் விதிகள் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். நல்ல வரைவு. இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னேன்.

அம்மாளுக்கு வெற்றி மகிழ்ச்சிதான். ஆனால் மரச்சுவரின் சாயம் உரிந்துகொண்டிருந்தது. மறுபடி பூசினால் ஓட்ஸ் கஞ்சி. பூசாவிட்டால் மரம் உளுத்துவிடும். திரும்பவும் எண்பத்துநான்கு பக்கத்தோடு உட்கார்ந்தேன். இருபத்தொன்பதாம் பக்கம் கைகொடுத்தது. ஒரு வருடத்தில் வெளிச்சுவரின் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் அதே நிறத்தில் பூசினால் அது பராமரிப்பு. பராமரிப்புக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

சென்ற சனிக்கிழமை இருவரும் வாளியோடு இறங்கினோம். கீழ்ப்பலகைகளை அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூச, நடுப்பலகைகளை நான் நின்று பூசினேன். மாலை நடைக்கு வந்த தலைவர் நின்று பார்த்தார்.

“பெயின்ட் அடிக்கறீங்களா அங்கிள்?”

“பராமரிப்பு. பக்கம் இருபத்தொன்பது.”

அவர் விரலை நீட்டி ஈரப்பலகைகளை எண்ணினார். பிறகு, “அங்கிள், நீங்க அடுத்த எலக்‌ஷன்ல நின்னுடாதீங்க,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நானும் எண்ணினேன். இந்த வருடப் பங்கு முடிந்திருந்தது. தூரிகையை வாளியின் விளிம்பில் வழித்தேன்.

“முழு வீட்டுக்கும் எத்தனை வருடம் ஆகும்?” என்று கேட்டார் அம்மாள்.

“பத்து.”

மனதுக்குள் வயதைக் கூட்டிப்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“அப்படியானால் பின்பக்கத்தை விட்டுவிடலாம்,” என்றார். “என் கணவருக்குத் தெருப்பக்கம்தான் முக்கியம்.”