நெஞ்செரிச்சலுக்குக் கசிவு பார்த்தவர்

என் வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். வேலை முடிந்ததும் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றித் தரையைக் கழுவுவார்கள். ஊற்றிய இடத்தில் நுரை பொங்கும், கண் எரியும், பக்கத்தில் நிற்க முடியாது. அந்த ஆசிட்டும் மனுஷன் வயிற்றில் சுரப்பதும் ஒரே சரக்குதான், வயிற்றில் இருப்பதில் தண்ணீர் அதிகம், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னபோது, இவர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"அதே ஆசிடா? என் வயித்துக்குள்ளயா?"

"உங்க வயித்துல, என் வயித்துல, எல்லார் வயித்துலயும்."

"அப்ப வயிறு ஏன் மேடம் அரிச்சுப் போகல?"

"உள்ள வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு. சில நாளைக்கு ஒருதரம் அது தானா புதுசாயிட்டே இருக்கும்."

"கொத்தனார் இல்லாமலேயா!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வேலை செய்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். வழியெல்லாம் என் உயிர் என்னிடம் இல்லை. நெஞ்சில் கம்பியெல்லாம் ஒட்டிப் பார்த்து, இதயத்தில் ஒரு குறையும் இல்லை, இது வயிற்று அமிலம் மேலே ஏறுவதால் வரும் எரிச்சல் என்று சொன்ன பிறகுதான் மூச்சே விட்டேன். இந்த மனுஷனோ, ஏதோ அதிசயக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர் மாதிரி கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்னால் படம் போட்டுக் காட்டினார். மேலே உணவுக்குழாய், கீழே வயிறு, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சுருக்கு. நான் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவள், எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாடா கோத்த பை அது. நாடா தளர்ந்தாலும், பையை அளவுக்கு மேல் அடைத்தாலும், அடைத்த பையைக் கவிழ்த்தாலும் உள்ளே இருப்பது வெளியே வரத்தான் செய்யும். வயிற்றுக்கு அந்தப் பூச்சு உண்டு, குழாய்க்கு இல்லை. அதனால் குழாய் எரிகிறது.

இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, உடம்பு இளைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, நெஞ்சுவலி கைக்குப் பரவினாலோ ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக்கூடாது, ஓடி வந்துவிட வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இவரைப் பார்த்துச் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

மாத்திரை இருந்தவரை சுகம். முடிந்த நாலாம் நாள் பழையபடி ஆரம்பித்தது. குனிந்தால் நெருப்பு, குரலை உயர்த்தினால் புளிப்பு என்று ஒன்றரை வருஷமாக இருந்ததேதான்; இவர் சத்தமாகப் பேசுவதையே விட்டிருந்தார். டைல்ஸ் ஒட்டுகிறவன் குனியாமல் எப்படி வேலை செய்வது?

அதுவும் எப்பேர்ப்பட்ட நேரத்தில்! ஊருக்குப் புதிதாக ஒரு நூலகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் நடுக்கூடத்துத் தரை முழுக்க ஒரே வட்டம். நடுவில் ஒரு கல்லில் தொடங்கி, சுற்றுச் சுற்றாக விரிந்து, சுவர் வரை போக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வெட்டு வேறு. இருபத்திரண்டு வருஷமாகக் குளியலறை, சமையலறை, படிக்கட்டு என்று ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு முதல் தடவையாக அப்படி ஒரு தரை வந்தது. வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் ஒட்டிவைத்து, சாப்பிடும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பொண்ணு பார்க்க வந்தபோது என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

இன்ஜினியர் நேராகவே சொல்லிவிட்டார்.

"ஒரே கை ஓட்டம் வேணும். நடுவுல ஆள் மாத்தினா வட்டம் கெட்டுடும். உங்களால முட்டி போட்டு ரெண்டு மாசம் வேலை பாக்க முடியுமா?"

"நாப்பது நாள் டைம் குடுங்க சார்" என்றார் இவர்.

கூரை வேலை முடிய எப்படியும் அவ்வளவு நாள் ஆகும் என்பதால் இன்ஜினியர் ஒத்துக்கொண்டார். நாற்பதாம் நாள் முடியாது என்றால் வேறு ஆள்.

விஷயம் மாடி வீட்டு அக்காவுக்குப் போனது. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மருந்துக்கடை. காலையில் சோடா மாவு, மதியம் இஞ்சிச் சாறு, சாயங்காலம் தேன், நடுநடுவே புதினா மிட்டாய் என்று பட்டியலோடு இறங்கி வந்தார். "காரத்தை நிறுத்து, டீயை நிறுத்து, எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்து" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

இவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"குளியலறையில கசிவுன்னா என்ன பண்ணுவோம்? எல்லாத்தையும் உடைச்சா எங்க கசியுதுன்னே தெரியாது. தண்ணி போற வாயை ஒவ்வொண்ணா அடைச்சு, தண்ணியத் தேக்கி, மூணு நாள் பாக்கணும்."

"உடம்பும் குளியலறையும் ஒண்ணாங்க?"

"ஆசிட் ஒண்ணுன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே!"

மிச்சமாகக் கிடந்த ஒரு டைல்ஸை எடுத்து, அதன் பின்பக்கம் பென்சிலால் கட்டம் போட்டார். முதல் மூன்று நாள் எதையும் மாற்றவில்லை. எரிச்சல் வரும்போதெல்லாம் ஒரு கோடு. ஒரு நாளைக்குப் பதினோரு கோடு விழுந்தது. "கசிவு எவ்வளவுன்னு முதல்ல தெரியணும்ல" என்றார். மூன்று நாள் போச்சே என்று நான் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்து இடுப்பைப் பிடித்தார். கரண்டி, சுத்தியல், கட்டர் எல்லாம் தொங்கும் தோல் பையை வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். அதைத் தோளுக்கு மாற்ற ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் எட்டுக் கோடு. நான் தைத்த பட்டைக்கு மூன்று கோடு குறைந்தது என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு மதியச் சாப்பாடு. வழக்கமாகச் சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் முட்டி போட்டுவிடுவார். அதை மாற்றி, குனிகிற வேலையைக் காலையிலும், வெட்டுவது அளப்பது போன்ற நின்று செய்கிற வேலையைச் சாப்பாட்டுக்குப் பிறகும் வைத்துக்கொண்டார். கோடு ஐந்துக்கு வந்தது.

டீயை நிறுத்தினார், ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி குடித்தார். காரத்தை நிறுத்தினார், அப்போதும் அதே ஐந்து. மறுபடி சாப்பிட்டார். அக்காவுக்கு இதைத் தாங்கவே முடியவில்லை.

"காரம் ஆகாதுன்னு ஊரே சொல்லுது, உன் புருஷன் வயிறு மட்டும் என்ன தனியா?"

"சில பேருக்கு ஆகாதாம் அக்கா. இவருக்கு ஒண்ணும் பண்ணல. கோடு சொல்லுது."

அக்கா ஆசையாகக் கொடுத்து, மறுக்க முடியாமல் இவர் முதல் நாளிலிருந்தே சப்பிக்கொண்டிருந்த புதினா மிட்டாயை நிறுத்தியபோதுதான் வேடிக்கை. கோடு நாலாகக் குறைந்தது! வாய்க்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே, வயிற்றுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம். அது அந்தச் சுருக்கைத் தளர்த்திவிடுமாம், டாக்டரம்மாவே போனில் சொன்னார். அக்கா இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டை ஒன்பதிலிருந்து ஏழுக்குக் கொண்டுவந்தோம். அப்புறம் படுக்கை. முதலில் நான் மூன்று தலையணை அடுக்கினேன். அடுத்த நாள் கோடு கூடியிருந்தது. இவர் கட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது வாட்டம் இல்ல, மடிப்பு. நடுவுல மடிச்சா வயிறுதான் நசுங்கும். வாட்டம்னா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே சீரா இறங்கணும்."

தரையில் தண்ணீர் ஓடுவதற்காக விடுகிற சரிவைத்தான் இவர்கள் வாட்டம் என்பார்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல்லை வைத்து அரை அடி தூக்கினார். தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார். நான் விடிவதற்குள் வழுக்கிக் கால்மாட்டுக்குப் போய்விட்டேன். "தண்ணி சரியாத்தான் ஓடுது" என்று கிண்டல் வேறு. நாலு நாளில் எனக்கும் பழகிவிட்டது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் தேவலை என்பதையும் அவரே கண்டுபிடித்தார்.

எனக்கு அப்போதுதான் மெல்ல மெல்ல ஒரு வியப்பு வந்தது. பத்தொன்பது வருஷமாகக் கூட இருக்கிறேன். இந்த மனுஷனுக்குப் பொறுமை உண்டு என்று தெரியும், சில சமயம் அதைப் பார்த்து எரிச்சலும் வரும். ஆனால் தன் வலியையே தள்ளி நின்று, புகார் சொல்லாமல், பயப்படாமல், எண்ணிப் பார்க்க ஒருவரால் முடியும் என்று நான் நினைத்ததில்லை. வயிற்றைத் திட்டவே இல்லை. "பாவம், அது அதோட வேலையைச் செய்யுது. நான்தான் அதைக் கவுத்துக் கவுத்து வைக்கிறேன்" என்பார்.

முப்பத்தைந்தாம் நாள் பகலில், காலையில் விழும் ஒரு கோடு தவிர வேறில்லை. ராத்திரி இரண்டு. படுத்துக் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அப்படிப் போன ராத்திரிக்கு மறுநாள் காலையில் முதல் குனிவிலேயே தொண்டை வரை புளிப்பு ஏறும். காலையில் குனிய முடியாதென்றால் அந்தத் தரை இல்லை. இன்ஜினியர் போன் செய்தார். "அஞ்சு நாள்தான் இருக்கு, வேற ஆளைச் சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டார். இவர், "பாக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார். சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அந்த டைல்ஸை எடுத்துப் பார்த்தேன். ஏதாவது விட்டுப்போயிருக்குமா என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கடைசி வரியில் ஒரே ஒரு வார்த்தை. பால். பக்கத்தில் கோடும் இல்லை, நாளும் இல்லை. அந்த இடம் மட்டும் அழுக்காக இருந்தது. எழுதி அழித்து, எழுதி அழித்து, நாலைந்து தடவையாவது செய்திருக்க வேண்டும்.

தினமும் படுக்கப் போகும் முன் ஒரு பெரிய டம்ளர் குளிர்ந்த பால் நான்தான் கொடுப்பேன். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. நான் பட்டறையிலிருந்து வந்து, வேலையெல்லாம் முடித்து, அவரோடு உட்கார்வதே அந்தப் பத்து நிமிஷம்தான். அவர் கட்டிலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவார். எரிச்சல் வந்த பிறகு, நெஞ்சுக்கு இதமாக இருக்கட்டும் என்று டம்ளரை இன்னும் பெரிதாக்கியிருந்தேன்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் டைல்ஸை நீட்டினேன்.

"இதை மட்டும் ஏன் பாக்கல?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். எல்லா வாயையும் அடைச்சீங்க, இதை ஏன் விட்டீங்க?"

"அது நீ குடுக்கறது" என்றார்.

"அதனால?"

"அதுதான்னு தெரிஞ்சா உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஒரு டம்ளர் பாலுக்காக அந்தத் தரையையே விட்டுடுவீங்களா? உங்களுக்கு மூளை இருக்கா இல்லையா?" என்று வீடே அதிரக் கத்தினேன்.

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார், நிஜமாகவே யோசிக்கிறவர் மாதிரி.

கத்திக்கொண்டே இருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த மனுஷன் இதைப் போய் ஒரு கேள்வியாக வைத்துக்கொண்டு, முப்பது நாளாக எழுதி எழுதி அழித்திருக்கிறார். என்ன ஜென்மம் இது! எந்தப் புண்ணியத்தில் இவர் எனக்கு வாய்த்தார்!

அன்றைக்குப் பாலை நானே அவர் எதிரில் நின்று மடமடவென்று குடித்தேன். அவர் வெறும் கையோடு கட்டிலில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு, பாதியில் நின்றுபோன ஒரு மாடிப்படியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பத்து நிமிஷம் அரை மணி நேரமானது. ராத்திரி ஒரே ஒரு கோடு. அடுத்த ராத்திரி ஒன்றும் இல்லை. அதற்கடுத்த ராத்திரியும் இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, பால் முதலில் இதமாக இருந்தாலும் பிறகு அமிலத்தைக் கூட்டும், அதோடு வயிறு நிறைந்த உடனே படுக்கவும் கூடாது என்றார். இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் இன்ஜினியரிடம் "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டார். வேலை தொடங்கிய அன்று நான் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவருக்குத் தெரியாமல் நூலகத்துக்குப் போனேன். அவ்வளவு பெரிய கூடத்தின் நடுவில் சின்னதாக முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். நடுக்கல் ஒட்டியாகிவிட்டது. முதல் சுற்று முடிந்து இரண்டாம் சுற்று பாதியில் இருந்தது. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நெற்றி தரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி இடுக்கைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட நெஞ்சுக்குக் கை போகவில்லை. மூன்றாவது சுற்றின் முதல் கல்லை வைத்தபோது என்னையும் அறியாமல் கிட்டப் போய்விட்டேன்.

"ஏய்! அங்க கால வைக்காத! ஈரம்! கண்ணு தெரியல?"

கூடமே அதிர்ந்தது. இன்ஜினியர் திரும்பினார், சாரத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். ஒன்றரை வருஷமாக, குரலை உயர்த்தினால் தொண்டைக்குப் புளிப்பு ஏறும் என்று பயந்து பயந்து முனகிக்கொண்டிருந்த மனுஷன். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வாசல் படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இன்னொரு தடவை கத்தமாட்டாரா என்று இருந்தது.