கணினி காட்டிய இரண்டு துணுக்குகள்

பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கூனிமேட்டை நோக்கி ஈ.சி.ஆர். சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். வலது கை விரல் முட்டியில் தோல் கிழிந்திருந்தது. கிழித்தது என் தம்பி செல்வத்தின் பல்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மூத்திரக் கடுப்பு புதிதல்ல. வெயில் என்று சொல்லி மோர் குடிப்போம். நான் இரண்டு வருடம் குடித்தேன். உங்கள் பக்கத்தில் யாராவது அப்படிக் குடித்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போங்கள்.

புராஸ்டேட்டில் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) கட்டி என்றார்கள். பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். ஆசனவாய் வழியாகப் பன்னிரண்டு முறை, ஒவ்வொன்றும் ஆணி அடிப்பதுபோல. நெல்லூரில் கத்திக்குத்து வாங்கியவன் நான். அதை நின்று வாங்கினேன். இதற்குச் சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டியிருந்தது.

முதல் அறிக்கையில் கிரேடு ஒன்று (புற்று எவ்வளவு மூர்க்கமானது என்பதை ஐந்து படிகளில் சொல்லும் அளவு). மெதுவாகத்தான் வளரும், கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். செல்வம் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

பத்து நாளில் திரும்பக் கூப்பிட்டார்கள். துணுக்குகளைப் படம் பிடித்துச் செயற்கை நுண்ணறிவுக் கணினியிலும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது கிரேடு நான்கு என்றது. துணுக்குகளைப் பரிசோதித்த டாக்டரே வந்து பேசினார்.

"மெஷின் ரெண்டு துணுக்குல அடையாளம் போட்டுக் காட்டுச்சு. நான் மறுபடி மைக்ராஸ்கோப்புல பார்த்தேன். அது சொன்னது சரி. நான்தான் விட்டுட்டேன்."

"விட்டுட்டியா?"

கையை ஓங்கினேன். செல்வம் குறுக்கே பாய்ந்தான். அடி அவன் வாயில் விழுந்தது. காவலாளிகள் என் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். டாக்டர் பின்னாலேயே வந்தார்.

"வெள்ளிக்கிழமை ஹார்மோன் ஊசிங்க. அப்புறம் ரெண்டு மாசம் ரேடியேஷன். கோவத்துல விட்டுட்டீங்கன்னா எலும்புக்குப் போயிடும்."

யாரையாவது அடித்தால் ஊரைவிட்டுப் போய்விடுவது என் வழக்கம். கூனிமேட்டு உப்பளத்தில் நெல்லூர் போகும் லாரி கிடைக்கும். ஏறினால் நோய் எலும்புக்குப் போகும். ஏறாவிட்டால் செல்வத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். டாக்டர் சொன்ன 'நான்தான்' காதிலேயே இருந்தது. நான் அடித்தவர்கள் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

போன் அடித்தது. செல்வம்.

"ண்ணா, ஒரு பல்லு போச்சு. இன்னொண்ணு ஆடுது."

நடந்துகொண்டிருந்தவன் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை ஆட்டோ எடுத்துனு வர்றேன். மிச்சத்தை அன்னிக்கு அடிச்சிக்கோ."

"தப்பு என்மேலதான்டா."

"அது ஊருக்கே தெரியும். இப்ப எங்க இருக்குற?"

மறுநாள் காலை உப்பள மேஸ்திரி இக்பால் பாயிடம் போனேன்.

"ஏம்பா, லாரி கெளம்புது. ஏறலையா?"

"இங்கயே வேலை குடு பாய். மத்தியானம் வரைக்கும். ரெண்டு மாசம்."

"நீயா? எட்டு நாள் ஒரே எடத்துல நின்னிருக்கியா? போலீஸ் தேடுதா?"

"கேன்சர். மூத்திரப்பைக்குக் கீழ. மத்தியானத்துல ஆஸ்பத்திரி போகணும்."

அவர் என் இடுப்பைப் பார்த்தார்.

அதுவரை நான் போன இடத்துக்கெல்லாம் உடம்பு கூட வந்தது. இனி உடம்புக்கு வேண்டிய இடத்தில் நான் இருக்க வேண்டும், அதுவும் நாட்களை எண்ணிக்கொண்டு.

உப்பு மூட்டைகளின் வாயைத் தைக்கிற வேலை கொடுத்தார். உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்கு முன் அப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை.