தாராவிக் குழாயும் எங்கள் கட்டடத்துக் கம்பிக்கூண்டும்

போனவர்கள் மூன்று பேர்: நான், தாணேயிலிருந்து வந்த என் அக்கா எஸ்தர், என் ஒன்பது வயது மகள் ஜெனி. போன ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு செம்பூரில் புறப்பட்டோம். காரணம், எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிக்கூண்டு. சென்ற மாதம் அதிலிருந்து விழுந்து ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தது. கூண்டை அறுத்தெடுக்க வீட்டுக்கு வீடு சம்மதம் கேட்கிறார்கள். ஜெனி தினமும் அதன் உச்சியில்தான் இருப்பாள். ஜெபித்தும் எனக்குத் தெளிவு வரவில்லை. சிறுவயதில் நாங்கள் ஏறி விளையாடிய தாராவிக் குழாய்களையும், அங்கே விழுந்த எங்கள் தோழி செல்வியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தோன்றியது.

10.40 ரயில். குர்லாவில் மாறி, சயானில் இறங்கினோம். டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து இருபத்தைந்து நிமிட நடை. (அக்கா வெயிலைத் திட்டிக்கொண்டே வந்தாள்.)

குடிநீர்க் குழாய்கள் இரண்டு, அருகருகே, ஆள் உயரத்துக்கு மேல். இப்போது வேலி போட்டிருக்கிறார்கள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவற்றின் மேல்தான் ஓடிப்பிடித்து விளையாடினோம். மாலையில் தண்ணீர் திறந்தால் உள்ளங்காலில் இரும்பு அதிரும். அப்போது இறங்கிவிடுவோம்.

"சும்மா சொல்ற மம்மி. ஜூட்!" என்றாள் ஜெனி, நான் சொன்னது பொய் என்று இந்தியில்.

ஏறுமுன் செருப்புகளைக் கீழே வரிசையாக விடுவது எங்கள் வழக்கம். இறங்கியபின் செருப்பு எதுவும் மிஞ்சாவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று. அதைப் பார்ப்பவள் மூத்தவளான எஸ்தர். ஒரு நாள் செல்வியின் செருப்பை அவள் தம்பி மாட்டிக்கொண்டு போய்விட, அவள் வெறுங்காலோடு வந்திருந்தாள். இரு குழாய்களுக்கும் நடுவே அவள் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. செருப்பும் மிஞ்சவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். இருட்டியபின் அவ்வழியே போன ஒருவர் முனகல் கேட்டுத் தூக்கி வந்தார். அவள் வலது கால் பிறகு நேராகவே இல்லை.

செல்வி இன்றும் பக்கத்திலேயே மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில்தான் இருக்கிறாள்; அவள் வீட்டுக்குப் போனோம். எஸ்தரைக் கண்டதும், "வாங்க கணக்குப்பிள்ள அக்கா! ஆள் எண்ண இப்பத்தான் நேரம் கெடச்சுதோ?" என்று சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. "கூண்டை எடுக்கச் சொல்லித் தொலைன்னு இவகிட்ட நீயாவது சொல்லு செல்வி."

செல்வி ஜெனியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கம்பி பிடித்துக் காய்த்திருந்தது.

"ஏட்டி, விழுந்தவ நாந்தான். கொழா மேல எனக்குக் கோவமே வரல. அங்க கெடந்து ஒங்க பேர ஒவ்வொண்ணா கூப்பிட்டேன். ஒருத்திகூட திரும்பி வரலயே, அதுதான் இன்னும் வலிக்கு."

எஸ்தர் எழுந்துபோய் அவளருகே உட்கார்ந்தாள்.

போக நினைப்பவர்கள் ஞாயிறன்று பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் உண்டா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். குழாயைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். வேலி தாண்ட வேண்டாம்.

கூண்டை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. ஆனால் மாலை ஐந்து முதல் ஏழு வரை பெரியவர் ஒருவர் அதனடியில் நிற்க வேண்டும். திங்களும் வியாழனும் நான் நிற்கிறேன். எங்கள் கட்டடத்தில் இதைப் படிப்பவர்களே, மற்ற நாட்களுக்கு யார் வருவீர்கள்? சனிக்கிழமை கூட்டம். அதற்குள் பதில் சொல்லுங்கள்.