பாதையோரத்து ஆர்க்கிட்

அத்தை வேலை பார்த்த இடத்தை எங்கள் மலையூரான பள்ளங்கியில் ‘செடி ஆபீஸ்’ என்பார்கள். காட்டுச் செடிகளை வளர்த்து, படிக்க வருகிறவர்களுக்குச் சோலையைச் சுற்றிக் காட்டும் நிலையம் அது. தினமும் அதே மேடு, அதே கேள்விகள். கூட்டிக்கொண்டு ஏறுவது அத்தை. நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் என்னையும் அவளோடு அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள், முறிந்து விழுந்த கிளை ஒன்றை மேட்டுச் சோலையிலிருந்து ஆட்கள் தூக்கிவந்து போட்டார்கள். அதில் மரத்தைப் பற்றி வளரும் ஆர்க்கிட் செடி ஒன்று வெள்ளையாகப் பூத்திருந்தது. அத்தை அதைப் பெயர்த்து, கீழே பாதையோர மரத்தில் சணலால் கட்டி, சணல் தெரியாமல் பாசியை அப்பினாள். பாசி எடுத்துக்கொடுத்தது நான்.

மறுநாள் ஆர்க்கிட் பார்க்க மதுரையிலிருந்து கல்லூரி பஸ் வந்தது. மலைப்பாதை நெடுக வாந்தியெடுத்து வந்த பிள்ளைகள், மேட்டைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டார்கள்.

“மேல ஏற வேண்டாங்க. இங்கனயே ஒண்ணு பூத்துக் கெடக்கு,” என்றாள் அத்தை.

எல்லோருக்கும் நிம்மதி. கூட வந்த பேராசிரியர் மட்டும், “இவ்வளவு கீழ இது வளராதே,” என்று வியந்து நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

“அது நேத்து அத்தை கட்டுனது சார். நாந்தான் பாசி வச்சேன்,” என்றேன். பாராட்டுவார் என்று நின்றேன்.

எழுதியதை அவர் அடித்தார். அத்தை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நிலையத்துப் பெரிய சார் அத்தையைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. “நாளையிலருந்து நீங்க நர்சரியில செடிப் பையில மண்ணு நெரப்புங்கம்மா. கூட்டிட்டுப் போக வேற ஆளு பாத்துக்கறேன்.”

“சரிங்க சார்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தை திட்டவில்லை. கொஞ்சம் நடந்து ஒரு பாறையில் உட்கார்ந்தாள். எழுந்து நடந்து, மறுபடி ஒரு மதகில் உட்கார்ந்தாள். என்னோடு நடக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

“எம்மேல கோவமா அத்தை?”

“ஒம்மேல என்ன கோவம். நீ முன்னால போ புள்ள.”

இரண்டு கையாலும் வலது முழங்காலை அமுக்கிப் பிடித்திருந்தாள். ஏற முடியாமல் போனதை வெளியே சொல்லாமல் அவள் எத்தனை மாதம் ஓட்டினாளோ, அன்றைக்கு எனக்கு அது தெரியாது. வீட்டுக்குள் முதல் ஆளாக ஓடி, “அத்தைக்கு இனிமே ஒக்காந்து பாக்குற சோலி!” என்று கத்தினேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வாசலுக்கு வந்துசேர்ந்த அத்தை மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.