அக்கா நீவிவிட்ட கழுத்து

மைன்ஸில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைய வலது கை விரல்கள் வரவில்லை. பேச்சும் குழறியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறேன் என்று திரிந்தேன். மனைவிதான் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளைக்கு ரத்தம் போகும் கழுத்துக் குழாயில் அடைப்பு என்றார். சென்னையில் கழுத்தைத் திறந்து அதை எடுத்துவிடுவார்களாம், தள்ளிப்போடக் கூடாதாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் முத்தாண்டிக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். சுளுக்கு என்றால் ஊரே அவளிடம்தான் வரும். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டவும் அவள்தான். வெறும் சுளுக்குத்தான் என்று அவள் வாயால் கேட்டால் போதும் என்றிருந்தது.

"கழுத்து புடிச்சிக்கினு இருக்குக்கா, கொஞ்சம் நீவி வுடு" என்றேன். அடைப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. விளக்கெண்ணெய் தொட்டு அவள் நீவ நீவ அப்படி ஒரு சுகம். எழுந்திருக்கப் பார்த்தால் வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. வாயில் ஒரு சொல் இல்லை.

சென்னையில் அடைப்பை எடுத்தார்கள். போன பேச்சு வரவில்லை. நீவியதால் ஆகியிருக்கலாம், தானாகவும் வந்திருக்கலாம் என்றாராம் டாக்டர். மனைவிக்கு முதல் பாதியே போதுமானதாக இருந்தது. "உங்க கை பட்டுதான் இப்படி ஆச்சு அண்ணி" என்று என் கட்டில் பக்கத்திலேயே அக்காவிடம் சொன்னாள். நான்தான் நீவச் சொன்னேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று கத்தப் பார்த்தேன். எச்சில்தான் வழிந்தது.

அதற்குப் பிறகு அக்கா யாரையும் தொடவில்லை. பச்சைக் குழந்தையோடு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பினாளாம். அது என்னை அரித்துத் தின்றது. பேச்சுப் பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு விஷயத்தைத்தான் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அவள் வீட்டுக்குப் போய்த் திக்கித் திக்கிச் சொன்னேன்: "உனக்குத் தெரியாதுக்கா. அடைப்புன்னு நான் சொல்லல."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ வர்றதுக்கு முன்னாடியே உன் பொண்டாட்டி போன் பண்ணி அடைப்புன்னு சொல்லிட்டாடா. கழுத்த அறுக்கப் போறாங்களேன்னு எனக்கு ஒரே பயம். நீவுனா கரைஞ்சிடும்னு நெனச்சிக்கினு, இன்னும் கொஞ்சம் அழுத்தி வுட்டேன்."

பரவாயில்லை அக்கா என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லும் அளவுக்குப் பேச்சு வந்திருந்தது. நான் சொல்லவில்லை.