உப்புக் குவியல் மேல ஒரு லேப்டாப்

இன்னைக்கு சாயங்காலம் மரக்காணத்துல கடல் பக்கம் வானம் கருத்துடுச்சு. சித்தப்பாவோட உப்பளத்துல வாரிக் குவிச்ச உப்பு இன்னும் மூடாம கெடக்குது. மூடுற ஆளுங்க வீட்டுக்குப் போயாச்சு. மழை வந்தா அத்தனையும் கரைஞ்சுடும்.

மழை வருமான்னு பார்க்க, ஆபீஸ்ல குடுத்த புது லேப்டாப்பைத் திறந்தேன். சிம் கார்டு அதுக்குள்ளயே இருக்குது.

"வயரே காணோம், எப்படிடா நெட்டு வரும்?"ன்னார் சித்தப்பா.

சிக்னல் சரியா கிடைக்கலை.

"உப்பு மேல ஏறிப் பாரு. செருப்பைக் கழட்டிட்டு ஏறு."

ஏறினேன். கால் வெடிப்பெல்லாம் சுரீர்னுச்சு.

சாட்டிலைட் படம் மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. காஷ்மீர் வந்துச்சு, டெல்லி வந்துச்சு. ஆந்திராவுல வெள்ளை வெளேர்னு மேகம். படம் அங்கேயே நின்னுடுச்சு.

"என்னடா ஆச்சு?"ன்னு சித்தப்பா கீழேருந்து எட்டிப் பார்த்தார்.

"இருங்க சித்தப்பா, நம்ம ஊரு கடைசியிலதான் வரும்."

வந்துச்சு. கருத்த மேகமெல்லாம் தூரக் கடல்லயே நிக்குது, நம்ம கரை மேல ஒரு பொட்டு மேகம் இல்லை!

சித்தப்பா அப்படியே வரப்புல உக்காந்துட்டார். "அப்பாடா"ன்னு லேப்டாப்புக்கு ஒரு கும்பிடு வேற.

இப்ப பக்கத்து உப்பளக்காரங்களும் வந்து நிக்கிறாங்க, மேகம் கரைக்கு வருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லி என்னைக் கீழ இறங்க விட மாட்டேங்குறாங்க. இதையும் உப்பு மேல உக்காந்துதான் டைப் பண்றேன்.

உங்க ஊர்ல எது மேல ஏறினா சிக்னல் கிடைக்குது?