லாபிர் மச்சானின் இடது கை

லாபிர் மச்சானுக்குக் கோபம் வந்தால் முதலில் பேசமாட்டார், சாப்பிடுவார். அன்றைக்கும் என் கராஜுக்குள் வந்து, நான் தேநீரோடு தின்ன வாங்கி வைத்திருந்த மீன் பணிஸ் இரண்டையும் முடித்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஃபைஸல், நல்ல எஞ்சினை அந்தப் பொடியனுக்குக் குடுத்திட்டாய், என்ன?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நான் அவருடைய மனைவி ரம்ஸியா ராத்தாவின் கூடப்பிறந்த தம்பி. பதினெட்டு வருசமாக அவருடைய ஆட்டோவுக்கு எண்ணெய் மாற்றுகிறவன். பந்தயத்தில் அவருக்குப் பின்னால் தொங்குகிறவனும் நானேதான். என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி என்று கையிலிருந்த ஸ்பானரை மேசையில் எறிந்தேன். அது உருண்டு அவருடைய காலில் விழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பந்தயத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழையில்லாத மாதங்களில் புத்தளம் களப்பில் உப்புத் தண்ணீர் வற்றி, ஓரம் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெளியில் பழைய டயர்களை அடுக்கிப் பாதை போட்டு ஆட்டோ ஓட்டுவோம். கூரையைக் கழற்றிவிடுவோம். முன்னால் ஒருவர் ஓட்ட, பின்னால் ஒருவர் நிற்பார். வண்டி வலது பக்கம் திரும்பும்போது பின்னால் நிற்கிறவர் தன் உடம்பை வலது பக்கம் வெளியே தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்று சில்லில் ஒன்று மேலே கிளம்பி, ஆளும் வண்டியும் புரண்டுபோகும். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் என் தலை போகும். வாய் நிறைய உப்பு மண்ணோடுதான் நான் வீட்டுக்குப் போவேன்.

அந்தப் பந்தயத்தில் மச்சான் தொடர்ந்து மூன்று வருசம் சாம்பியன். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, எட்டு வயதில், உம்மா வாப்பாவோடு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்புடன் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர். ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, சைக்கிளில் பாண் விற்று, லொறியில் கிளீனராக நின்று, வாடகை ஆட்டோ ஓட்டி, கடைசியில் சொந்த ஆட்டோவில் ஏறினார். அவருக்காக ஊர் கைதட்டியது அந்தப் பந்தயத்தில் மட்டும்தான். மூன்று கேடயங்களும் வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் அவரே துடைப்பார். ராத்தா தொட்டால் பிடிக்காது.

பிறகு கொரோனா வந்தது. அது போனதும் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. அஞ்சு வருசம் பந்தயம் நடக்கவில்லை. திரும்பத் தொடங்கியபோது, எங்கள் கழகத்தைத் தாங்குகிற டயர்க்கடைச் சரீப் ஹாஜியார் இரண்டாவது பந்தய வண்டி ஒன்றை வாங்கி, அதை ஓட்ட ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். உடப்பு என்ற மீன்பிடிக் கிராமத்துக் கௌசிகன். வயது இருபத்துநாலு. கரையில் மீன் பெட்டிகளை ஏற்றி, ஐஸ் கரைய முன்னம் சிலாபம் சந்தையில் கொண்டுபோய் இறக்குகிற வேலை. மெலிந்த, அடக்கமான பிள்ளை. அவன் கதைத்தால் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். ஹெல்மெட்டைப் போட்டால் மட்டும் ஆள் வேறு.

குருநாகல் பக்கம் நடக்கிற பெரிய போட்டிக்கு ஒரு கழகத்திலிருந்து ஒரு வண்டிதான் போகலாம். செப்டெம்பர் முதல் ஞாயிறு இரண்டு பேரும் ஓடி, முந்துகிறவர் போவது என்று ஹாஜியார் முடிவு சொன்னார். மச்சான் சிரித்தார். அது அவருடைய இடம். அதில் வேறொருவர் உட்காரலாம் என்ற எண்ணமே அவருக்கு இருக்கவில்லை.

முதல் பயிற்சியில் கௌசிகன் இரண்டு வண்டி நீளம் முந்தினான். இரண்டாவதில் நாலு. அதற்கு அடுத்த நாள்தான் என் மீன் பணிஸ் போனது.

"ரெண்டு எஞ்சினையும் ஒரே நாளில ஒரே கையாலதான் பூட்டினன்," என்றேன். "நம்பாட்டி வண்டிய மாத்தி ஓடுங்க மச்சான்."

மாற்றி ஓடினார். கௌசிகன் மச்சானுடைய வண்டியில் ஏறி, அதிலும் முந்திப் போனான். அன்றைக்கு ராத்தா வீட்டில் மூன்று பேருக்கு ஆக்கிய சோறு ஒருவருக்கே போதவில்லையாம்.

நானும் ஒரு மடையன். வலது வளைவுகளைத் தாண்டி வெளியே வரும்போது எங்கள் எஞ்சின் முனகுவது எனக்குக் கேட்டது. நேரத்துக்குக் கியரைக் குறைக்காவிட்டால்தான் அப்படி முனகும். ஆனால் லாபிர் கியரை மறப்பார் என்று யார் நினைப்பார்கள்? அதனால் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். மூன்று தடவை கழுவினேன். ஒரு குற்றமும் செய்யாத காபரேட்டர் அது.

கண்டுபிடித்தது அவருடைய மகள் அக்கீலா. பத்து வயது. ஒரு பகல் நான் அவர்கள் வீட்டுக்குச் சோற்றுக்குப் போயிருந்தேன். யாரோ கைப்பேசியில் எடுத்த பயிற்சி வீடியோவை மச்சான் எத்தனையாவதோ தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கீலா அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, ஏன் கைய பின்னுக்குக் கொண்டு போறீங்க?"

"எந்தக் கை?"

"இந்தா, இந்தக் கை. நாங்கதான் பின்னால இல்லையே."

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வலது வளைவு வருகிறது. நான் வலது பக்கம் தொங்குகிறேன், என் கண் தரையில். அந்த நேரத்தில் மச்சானுடைய இடது கை ஹேண்டிலை விட்டுப் பின்னால் போய், வண்டியின் இடது பக்கத் திறப்பை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கணம்தான். ஆனால் ஆட்டோவில் கிளட்ச்சும் கியரும் அந்தக் கையில்தான் இருக்கின்றன. அடுத்த வலது வளைவிலும் கை போனது. அதற்கு அடுத்ததிலும் போனது.

பந்தயம் நின்றிருந்த காலத்தில் ஹயருக்கு ஆள் கிடைக்காமல், மச்சான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கியிருந்தார். அக்கீலாவோடு சேர்த்து ஏழு பேர். ஆட்டோவின் வலது பக்கம் அடைப்பு, இடது பக்கம் திறப்பு. வண்டி வலது பக்கம் திரும்பினால் ஏழு பிள்ளைகளும் புத்தகப் பையோடு இடது பக்கம் சரிவார்கள். மூன்று வருசம், போகவும் வரவும், அந்தக் கை குறுக்கே போய் அவர்களைத் தாங்கியிருக்கிறது. இப்போது பின்னால் இருப்பது எழுபது கிலோ மச்சினன் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பழைய டியூப் ஒன்றை நாடாவாக வெட்டிக்கொண்டு வந்தார்.

"நாளையிலயிருந்து இந்தக் கைய ஹேண்டிலோட சேத்துக் கட்டு."

கியரைத் திருப்ப மணிக்கட்டுக்கு மட்டும் இடம் விட்டுக் கட்டினேன். முதல் நாள் ஒவ்வொரு வலது வளைவிலும் அவருடைய தோள், கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. மணிக்கட்டு சிவந்து வீங்கியது. ராத்தா அதில் எண்ணெய் பூசிக்கொண்டே என்னை ஏசினாள். புருசனை ஏச மனம் வராவிட்டால் என்னை ஏசுவது அவள் வழக்கம். தினமும் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து பொழுது படும்வரை ஓடினோம். மூன்றாவது கிழமை டியூப்பை அவிழ்த்துப் பார்த்தோம். கை அசையவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கௌசிகனோடு ஓடி, ஒரு வண்டி நீளம் முந்தினார். அவன் இறங்கி வந்து, தோற்றவன் மாதிரியே இல்லாமல் சிரித்தான். மச்சானை அவன் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"இப்பதான் நானா, நான் கேள்விப்பட்ட லாபிர் நானாவப் பாத்தன்."

மச்சான் அவனுடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். திரும்பி வரும் வழியில் எனக்கு மீன் பணிஸ் நாலு வாங்கித் தந்தார். அவரை அவ்வளவு சந்தோசமாகப் பார்த்து அஞ்சு வருசம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் போகும் வழியில், ரயில் கடவையைத் தாண்டியதும் வருகிற வலது வளைவில், அந்தக் கை ஹேண்டிலிலேயே இருந்தது.

ஓரத்தில் இருந்தது முதலாம் வகுப்புப் படிக்கிற ஹவ்வா. சரிந்து பாதி வெளியே போய்விட்டாள். அக்கீலா அவளுடைய பையின் வாரை எட்டிப் பிடித்தபடியால் தப்பினாள். ஒரு கால் றோட்டில் உரசி, முழங்காலில் தோல் கிழிந்தது. ஒரு சப்பாத்து கழன்று விழுந்தது. பிள்ளை காலுக்காக அழவில்லை, சப்பாத்துக்காகத்தான் அழுதாள் என்று அக்கீலா சொன்னாள்.

மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மச்சான் ஹவ்வாவைக் கொண்டுபோய் மருந்து கட்டி, அவளுடைய உம்மா றம்லாவின் வாசலில் நின்றார். ஒன்றையும் மறைக்கவில்லை. பந்தயம், டியூப், மூன்று கிழமைப் பயிற்சி, எல்லாவற்றையும் சொன்னார். றம்லா பிள்ளையின் காலைப் பார்த்தாள், இவருடைய முகத்தையும் பார்த்தாள்.

"நாளைக்கும் வாங்க நானா. ஆனா பந்தயத்தக் களப்பிலேயே விட்டுட்டு வாங்க."

அன்று பகல் கராஜுக்கு வந்தார். மேசையில் சாப்பாடு இருந்தது, தொடவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"கை வரல்ல ஃபைஸல்," என்றார். "பிள்ள சரியுறது தெரியுது. கை வரல்ல."

"ஞாயிறு வரைக்கும் வேறாளுக்கிட்ட ஸ்கூல் ஹயரக் குடுங்க. ஆறு நாள்தானே."

"அதுக்குப் பிறகு? பெரிய போட்டிக்கு இன்னும் ஒரு மாசம் ஓட வேணும். அது முடிஞ்சு வந்தா இது திரும்ப வருமெண்டு ஆர் சொல்ற? ஒண்டப் பழக்கினா மத்தத மறக்கிது."

எஞ்சினாக இருந்தால் கழற்றிப் பார்த்திருப்பேன்.

அந்தக் கிழமை முழுக்க அவர் களப்புப் பக்கம் வரவில்லை. பள்ளிக்கூட ஆட்டோ நடக்கிற வேகத்தில் போனது. ஒவ்வொரு வலது வளைவுக்கும் முன்னால் மச்சான் சத்தமாக "கை" என்று சொல்லி, கையைப் பின்னால் கொண்டுபோவார். இரண்டாம் நாள் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஏழு தொண்டையும் "கை" என்று கத்திக்கொண்டு ஓர் ஆட்டோ போவதைப் பார்த்துச் சந்தியில் நின்ற பொலிஸ்காரரே வழிவிட்டார்.

ஞாயிறு வந்தது. என் காற்சட்டைப் பையில் டியூப் நாடா இருந்தது. என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. அவர் வெல்ல வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

"கட்டவா மச்சான்? இண்டைக்கு மட்டும்."

"வேணாம்."

"அப்ப ஏன் ஓடுறீங்க?"

"முந்தத்தான் ஓடுறன். நேரா போற இடத்தில பிடிச்சிட்டா பிடிச்சதுதான்."

ஆறு சுற்று. நேர்ப் பாதையில் மச்சான் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னம் பார்த்ததில்லை. இடது வளைவுகளில் கௌசிகனை உரசிக்கொண்டு உள்ளே புகுந்தார். நாலாவது சுற்று முடியும்போது நாங்கள்தான் முன்னுக்கு. ஆனால் வலது வளைவுகளில் இந்தத் தடவை நான் தரையைப் பார்க்கவில்லை, அவருடைய கையைப் பார்த்தேன். போனது. ஒவ்வொரு தடவையும் போனது. கடைசி வளைவுக்குப் போகும்போது பாதி வண்டி முன்னுக்கு இருந்தோம். "எடுக்காதீங்க, மச்சான், எடுக்காதீங்க," என்று மண்ணைத் தின்றுகொண்டு கத்தினேன். கை பின்னால் போய்த் திறப்பை மறித்தது. எஞ்சின் முனகியது. கௌசிகன் அரை வண்டி நீளத்தில் முந்தினான்.

சனம் கைதட்டியது. கௌசிகன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வந்தான். அவன் முகத்தில் சந்தோசமில்லை.

"நானா, எனக்கு விட்டுத் தந்தீங்களா?"

மச்சானுக்குக் கண் சிவந்துவிட்டது. "ஆர் விட்டுத் தந்த? ஓடினன், தோத்தன். நீ முந்தினாய். போய் ஹாஜியாரிட்டக் கேடயத்த வாங்கு."

அவன் போன பிறகு வண்டிக்கு மறுபக்கம் உட்கார்ந்து அழுதார். நாற்பத்திரண்டு வயது ஆள், தோள் குலுங்க அழுதார். பார்க்காத மாதிரி நிற்க எனக்கு வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்மேல் அன்றைக்கு வந்த பாசம் எனக்கு என் கூடப்பிறந்தவர்கள்மேல் கூட வந்ததில்லை. இதை ராத்தாவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

மறுநாள் காலை என்னுடைய மோட்டார் சைக்கிள் வேலை செய்யாததால், கராஜ் வரைக்கும் போக மச்சானுடைய ஆட்டோவில் ஏறி, பிள்ளைகளின் பைகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தேன். முழங்காலில் வெள்ளைத் துணிக் கட்டோடு ஹவ்வா என் பக்கத்தில் இருந்தாள்.

"நானா, நேத்துப் பந்தயத்தில நீங்க எத்தினையாவது?"

"ரெண்டாவது," என்றார் மச்சான்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஹவ்வா மட்டும் கைதட்டவில்லை.

"எத்தின பேர் ஓடின?"

மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்ற பார்வை.

"ரெண்டு பேர்," என்றார்.